பிளைண்ட் என்றால் எப்போதும் குருடுதானா?

உப்புவெளியில் ஒரு விடுதியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. பின்னேரம் ஆறு மணிக்கு அறைகளின் ‘பிளைண்ட்ஸ்’ எல்லாவற்றையும் இறக்க வேண்டும் என்று அவருக்குத் தந்த தாளில் எழுதியிருக்கிறது. கிரிக்கெட் வர்ணனையில் யாரோ ‘பிளைண்டர்’ பிடித்தான் என்கிறார்கள். முகாமையாளர் யாரையோ ஏசும்போது ‘டேர்ன் எ பிளைண்ட் ஐ’ என்கிறார். அகராதியைத் திறந்தால் குருடு என்று ஒரே சொல்தான் முன்னால் நிற்கிறது. இதற்கிடையில் பார்வையில்லாத வெளிநாட்டவர் ஒருவர் அடுத்த கிழமை வந்து தங்கப்போகிறாராம். அவர் முன்னால் இந்தச் சொல்லை வாயில் எடுக்கலாமா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

பொருள் பட்டியல் வேண்டுமென்றால் அகராதியே போதும், தம்பிக்கு என்னுடைய பதில் தேவையில்லை. அவர் தடுக்கி விழுந்த இடம் வேறு. ஆங்கிலத்தில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் தமிழில் குருடு என்று வைக்கலாமா, எங்கே வைக்கலாம், எங்கே வைத்தால் சிரிப்பார்கள், எங்கே வைத்தால் மனம் நோகும்? நான் திருகோணமலையில் 22 வருடமாக ஆங்கிலம், தமிழ் இரண்டுக்கும் நடுவில் நின்று சம்பாதிப்பவன். இந்த மூன்று இடத்திலும் நானே விழுந்து எழும்பியிருக்கிறேன். ஆகவே அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் சிரித்த கதை. தொழிலுக்கு வந்த புதிதில், படகு இயந்திரம் ஒன்றின் திருத்தக் குறிப்பைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். அதில் ‘பிளைண்ட் ஹோல்’ என்று ஒரு சொல். ‘குருட்டு ஓட்டை, ஆழம் 12 மில்லிமீற்றர்’ என்று எழுதி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பாஸ் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். கையிலிருந்த எண்ணெய்த் துணியை வைத்துவிட்டு, “தம்பி, ஓட்டைக்கு எப்பவாவது கண் இருந்ததோ, குருடாகிறதுக்கு? மற்றப் பக்கம் போகாத ஓட்டை எண்டு எழுதுங்கோ” என்றார். பட்டறை முழுக்கச் சிரிப்பு. நானும் திருத்தி எழுதினேன். அவர் சொன்னதுதான் சரியான மொழிபெயர்ப்பு, இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி பல வருடம் என் மண்டைக்குள் கிடந்தது. ஓட்டைக்குக் கண் இல்லையா? தமிழில் உண்டே! ஊற்று கிளம்பும் வாய் ஊற்றுக்கண். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். மீனவரின் வலையில் உள்ள இடைவெளி வலைக்கண். மாச் சல்லடையில் உள்ளது சல்லடைக்கண். மதகுக்கும் பாலத்துக்கும்கூடக் கண் எண்ணுகிறோம். தேங்காயை எடுத்துப் பாருங்கள். உரித்த தேங்காய்க்கு மூன்று கண். இரண்டு கல்லுப்போல அடைத்துக் கிடக்கும். ஒன்று மட்டும் விரலால் அமுக்கினாலே மெதுவாக இருக்கும், முளை வருவதும் அதன் வழியாகத்தான். திறந்திருப்பதைத் தமிழ் கண் என்கிறது. திறப்பில்லாமல் அடைத்துக் கிடப்பதை ஆங்கிலம் பிளைண்ட் என்கிறது. ஒரே உருவகத்தின் இரண்டு முனைகள். தமிழ் ஒரு முனையைப் பிடித்தது, ஆங்கிலம் மற்ற முனையைப் பிடித்தது. இது என் சொந்த வாசிப்பு, மொழியியலாளர் யாருடைய முடிவும் அல்ல. ஆனால் இப்படி நினைத்துக்கொண்ட பிறகு அந்தச் சொல் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

இந்த ‘அடைபட்ட’ பொருளில் வருபவை கொஞ்சம்தான். ‘பிளைண்ட் அலி’ என்றால் முட்டுச்சந்து, உள்ளே போனால் திரும்பி வரவேண்டிய ஒழுங்கை. முன்னேற வழியில்லாத வேலைக்கும் அதையே சொல்வார்கள். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதன் ஒரு முனை மூடியது. இலத்தீனில் அதற்குக் குருட்டுக் குடல் என்ற பொருளில்தான் பெயர். ஜெர்மன்காரரும் அதையே அப்படியே மொழிபெயர்த்து ‘பிளிண்ட்டார்ம்’ என்று வைத்திருக்கிறார்கள். நம்மவர்களில் ஜெர்மனிக்குப் போய் அங்கே குடல்வால் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தச் சொல் மறந்திருக்காது.

அடுத்தது ‘மறைந்த’ என்ற பொருள். இங்கே பார்வையில்லாதது அந்தச் சாமானுக்கு அல்ல, அதைப் பார்க்க வருபவனுக்கு. விடுதித் தாளில் உள்ள பிளைண்ட்ஸ் இதைச் சேர்ந்தது: வெளியே நிற்பவனின் கண்ணையும் வெயிலையும் மறைப்பது. நம் வீட்டுத் திண்ணைகளில் ஒரு காலம் தொங்கிய மூங்கில் தட்டி செய்த வேலை இதுதான். ஆகவே அந்த வரியைத் தமிழில் எழுதச் சொன்னால் ‘பின்னேரம் ஆறு மணிக்கு யன்னல் திரைகளை இறக்கிவிடவும்’ என்றால் போதும். பலகை பலகையாகக் கயிற்றில் ஏறி இறங்கும் வகைதான் ‘வெனீசியன் பிளைண்ட்’. சேலைக்கு ஃபோல்ஸ் வைக்கும்போது நூல் வெளியே தெரியாமல் போடும் தையல் ‘பிளைண்ட் ஸ்ரிச்’. மின்னஞ்சலில் மற்றவருக்குத் தெரியாமல் ஒருவருக்கு அனுப்பும் பிரதியிலும் இந்தச் சொல்தான் ஒளிந்திருக்கிறது. ‘பிசிசி’யின் முதல் எழுத்து அது. வீதியில் எதிரே வரும் வாகனம் தெரியாத முடக்கு ‘பிளைண்ட் பெண்ட்’. ஜெர்மனில் கப்பலில் களவாக ஏறி ஒளிந்து வருபவனைக் குருட்டுப் பயணி என்பார்கள். துறைமுகத்து ஊர்க்காரனான எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும், ஆனால் ஆங்கிலத்தில் அது இல்லை.

மருந்துச் சோதனையிலும் இந்தப் பொருள் வருகிறது. யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெறும் மாவு மாத்திரை என்று நோயாளிக்கும் தெரியாமல், கொடுத்துக் கவனிக்கும் வைத்தியருக்கும் தெரியாமல் வைத்துச் செய்வது ‘டபிள் பிளைண்ட்’. நான் ‘இருதரப்பும் அறியாச் சோதனை’ என்று எழுதுவேன். இதில் ஒரு வேடிக்கை. கண் நோய் ஆராய்ச்சியாளர்களில் பலர் இந்த இடத்தில் பிளைண்ட் என்ற சொல்லைத் தவிர்த்து, முகமூடியிட்ட என்ற பொருளில் ‘மாஸ்க்ட்’ என்று எழுதுவார்கள். கண் பற்றிய கட்டுரையில் யார் பார்வையில்லாதவர், யார் விவரம் மறைக்கப்பட்டவர் என்று வாசகர் குழம்பக்கூடாதே. உங்கள் விடுதிச் சமையலறையில் ‘பிளைண்ட் பேக்’ என்ற சொல் கேட்டிருப்பீர்கள். உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் மாவுத் தட்டை முதலில் சுட்டெடுப்பது. பொங்காமலிருக்க மேலே உலர்ந்த பயறு, அவரைக் கொட்டை ஏதாவது பரப்புவார்கள். ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், எதையும் நான் உறுதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, ‘பார்க்காமல் செய்யும்’ என்ற பொருள். இங்கேதான் தமிழும் ஆங்கிலமும் கைகோத்து நடக்கின்றன. குருட்டு நம்பிக்கை, குருட்டு அதிர்ஷ்டம், குருட்டாம்போக்கு, குருட்டுப்பாடம் எல்லாம் நம்முடையவை. கடைசிச் சொல்லை எங்கள் காலத்து ஆசிரியர்கள் நாளுக்குப் பத்துத் தடவை சொல்வார்கள். ‘குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி’ என்ற பழமொழியும் இந்த வகைதான். குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவர் என்பது ஆங்கிலத்துக்கு விவிலியத்திலிருந்து, மத்தேயு நற்செய்தியிலிருந்து போனது. தமிழில் அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையே இல்லை. திருமூலர் ‘குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குருடும் குருடும் குழிவீழ் மாறே’ என்று பாடி வைத்திருக்கிறார். இரண்டு குருடர் விளையாடி விழுவதை அந்தச் சொல்லின் தாளத்திலேயே காட்டிவிடுகிறார். ‘லவ் இஸ் பிளைண்ட்’ என்பதும் காதலுக்குக் கண்ணில்லை என்று சிக்கலில்லாமல் தமிழாகிறது. அப்புறம், ‘பிளைண்ட் ட்ரங்க்’ என்றால் கண்மண் தெரியாத வெறி. பாருங்கள், தமிழிலும் அங்கே கண்தான் நிற்கிறது.

ஆனால் ஒருவன் ‘ஸ்வேர் பிளைண்ட்’ செய்தான் என்றால் குருட்டுச் சத்தியம் என்று எழுதிவிடாதீர்கள். அடித்துச் சொன்னான், ஒற்றைக் காலில் நின்று சாதித்தான் என்பதுதான் பொருள். நம்மூர்ப் பேச்சில் இதற்குப் பொருத்தமான சொல் ‘கண்ணாணை’. “கண்ணாணை நான் எடுக்கேல்லை” என்று பொடியன்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பொய் சொன்னால் என் கண் போகட்டும் என்பதுதானே அதன் உட்பொருள். ஆங்கிலேயர் வியந்துபோய்ச் சொல்லும் ‘பிளைமி’யும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ‘கடவுள் என்னைக் குருடாக்கட்டும்’ என்ற ஆங்கில வாசகம் வாயில் தேய்ந்து தேய்ந்து பிளைமியில் வந்து நின்றது. இது அகராதிக்காரர்கள் ஒத்துக்கொண்ட விஷயம். ‘ஸ்வேர் பிளைண்ட்’ அந்தக் கிளையில் பிறந்ததா என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

இனி முகாமையாளர் ஏசிய ‘டேர்ன் எ பிளைண்ட் ஐ’. கண்டும் காணாத மாதிரி இருப்பது. இதற்கு எல்லோரும் சொல்லும் கதை பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சனுடையது. உறுதியானதை முதலில் சொல்கிறேன். 1794இல் கோர்சிகாத் தீவில் கால்வி என்ற இடத்தில் நடந்த முற்றுகையில் நெல்சனின் வலது கண்ணில் பார்வை போனது. 1801 ஏப்ரல் 2ஆம் திகதி கோபன்ஹேகன் கடற்போரில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த சேர் ஹைட் பாக்கர், சண்டையை நிறுத்தும்படி 39ஆம் இலக்கக் கொடியை ஏற்றினார். நெல்சன் நிறுத்தவில்லை, சண்டையிலும் வென்றார். இவ்வளவும் வரலாறு. தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்து “எனக்குக் கொடி தெரியவில்லை” என்று அவர் சொன்ன காட்சி இருக்கிறதே, அது பின்னால் மெருகேறிய கதை என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்த மரபுத்தொடர் நெல்சனிடமிருந்துதான் பிறந்தது என்பதையும் நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். அவர் அதைப் பிரபலமாக்கினார் என்றால் சரி. படங்களில் வருவதுபோல அவர் கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு திரிந்ததும் இல்லை.

நம்மூருக்கும் அவருக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது. பதின்ம வயதில் ‘சீஹோர்ஸ்’ என்ற கப்பலில் கிழக்கிந்தியக் கடல்களில் இருந்தவர் நெல்சன். திருகோணமலை உலகத்திலேயே சிறந்த துறைமுகம் என்று அவர் சொன்னதாகச் சுற்றுலா வழிகாட்டிகள் கோட்டை வாசலில் மான்களைக் காட்டிக்கொண்டே சொல்வார்கள். தம்பி, விருந்தினரிடம் அதைச் சொல்லும்போது ‘சொன்னதாகச் சொல்வார்கள்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத் தொடரில் பெரும்பாலும் குற்றச்சாட்டு இருக்கும்: தடுக்க வேண்டியவன் தெரிந்துகொண்டே விட்டான். தமிழில் கண்டும் காணாமல் இருப்பது சிலவேளை பெருந்தன்மை. பேரன் டப்பாவில் இருந்து பனங்கட்டியை எடுப்பதைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ளும் அம்மம்மாவும் கண்டும் காணாமல்தான் இருக்கிறாள். ஆகவே அலுவலகக் கடிதத்தில் நான் ‘தெரிந்தும் கவனிக்காமல் விட்டார்’ என்று போடுவேன், அங்கே அன்புக்கு இடமில்லை.

கிரிக்கெட் ‘பிளைண்டர்’ இதற்கு நேர்மாறு, அது முழுக்கப் பாராட்டு. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பார்ப்பவர் கண்ணைக் கூச வைக்கும் பிடி. பிரித்தானியப் பேச்சுவழக்கில் உதைபந்தாட்டத்திலோ வேறு விஷயத்திலோ ஒருவர் மிக அபாரமாகச் செய்தாலும் பிளைண்டர் விளையாடினார் என்பார்கள். தமிழில் ‘கண்ணைப் பறிக்கும் அழகு’ என்று நாமும் சொல்கிறோம். சொல்லைப் பார்த்தால் கொடூரம், பொருளைப் பார்த்தால் புகழ்ச்சி. ‘கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு பிடி’ என்று எழுதுங்கள், நன்றாகவே இருக்கும்.

‘வௌவால் மாதிரிக் குருடு’ என்ற ஆங்கில உவமையை மட்டும் நம்பாதீர்கள். வௌவாலுக்குக் கண் தெரியும். பழம் தின்னும் பெரிய வௌவால்கள் கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் இரை தேடுகின்றன. பூச்சி பிடிக்கும் சிறியவைதான் ஒலி எழுப்பி அதன் எதிரொலியில் வழி பார்ப்பவை. ‘பிளைண்ட்ஃபோல்ட்’ என்றால் கண்ணைக் கட்டுவது. பின்பாதியைப் பார்த்துவிட்டு மடித்த துணி என்று நினைப்போம், ஆனால் அது வீழ்த்துவது, அடித்துச் சாய்ப்பது என்ற பழைய வினையிலிருந்து வந்து பிறகு உருமாறியது. ‘பர்பிளைண்ட்’ இன்னும் விசித்திரம். முதலில் முழுக் குருடு என்று இருந்த சொல், காலப்போக்கில் அரைகுறைப் பார்வைக்கு இறங்கிவிட்டது.

‘பிளைண்ட் ஸ்பொட்’ என்ற சொல்லை வாகனம் ஓட்டுபவர்கள் எல்லோரும் அறிவார்கள், கண்ணாடியில் விழாத பக்கம். கண்ணுக்குள்ளும் அது உண்டு. பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் மரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டு சொன்னார். நீங்களே பார்க்கலாம். ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறி, அதிலிருந்து வலப்பக்கம் சுமார் 8 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு பெரிய கறுப்புப் பொட்டு. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் சிலுவையை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பொட்டுக் காணாமல் போகும். வெற்றிடமாகக்கூடத் தெரியாது, மூளை சுற்றியுள்ள வெள்ளையால் அதை நிரப்பிவிடும். தமக்கே தெரியாத குறையைப் பிளைண்ட் ஸ்பொட் என்று ஆங்கிலத்தில் சொல்வது ஏன் என்று அப்போது விளங்கும். இதைத் தமிழில் குருட்டுப்புள்ளி என்று எழுதலாம், யாரையும் சுடாது.

நீதிதேவதையின் கண்கட்டு மட்டும் தனிக் கணக்கு. அங்கே பார்க்காதிருப்பது பெருமை. முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாத நீதி. தமிழில் இதற்குச் சரியான சொல் குறளிலேயே இருக்கிறது: ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை’. கண்ணோடாமை என்றால் ஒரு பக்கம் கண் சாயாமல் இருப்பது. குருட்டு நீதி என்று தமிழில் எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும், நீதியே இல்லை என்று வாசிப்பார்கள்.

கடைசியாக விருந்தினர் விஷயம். இது எனக்கு நொந்த இடம். தம்பலகாமம் பக்கம் நடந்த ஒரு கண் முகாமில் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். வெளிநாட்டு வைத்தியர் ஒரு ஆச்சியின் இடக்கண்ணைப் பார்த்துவிட்டு, இந்தக் கண் பிளைண்டா என்று சாதாரணமாகக் கேட்டார். நானும் யோசிக்காமல் “ஆச்சி, இந்தக் கண் குருடோ?” என்றேன். ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “குருடெண்டு ஆர் மகன் சொன்னது? மங்கலாத் தெரியுது” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்ட எதற்கும் தலையை மட்டும் ஆட்டினார். வைத்தியர் கேட்டதில் எந்தப் பிழையும் இல்லை. ஆங்கிலத்தில் அது உடலைப் பற்றிய வெறும் தகவல். அதைத் தமிழில் வசவாக்கியது நான். “இந்தக் கண்ணில் பார்வை தெரியுதோ ஆச்சி?” என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே தம்பி, அந்த விருந்தினரோடு ஆங்கிலத்தில் பேசும்போது பிளைண்ட் என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பிரித்தானியாவில் பார்வையற்றோருக்காக இயங்கும் பெரிய அமைப்பு ஒன்று அந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. முன்பு ‘பார்வையற்றோருக்கான’ நிறுவனம் என்று இருந்த பெயரை ‘பார்வையற்ற மக்களின்’ நிறுவனம் என்று மாற்றினார்களே தவிர, பிளைண்டை எடுக்கவில்லை. ஆனால் ‘த பிளைண்ட்’ என்று ஆளை மொத்தமாக ஒரு கூட்டத்துக்குள் தள்ளுவதைத் தவிருங்கள். அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று கவனித்து அப்படியே சொல்லுங்கள், இதில் ஆளுக்காள் விருப்பம் வேறு. தமிழில் பதிவேட்டில் எழுதுவதானால் நம் நாட்டில் வழங்கும் ‘விழிப்புலனற்றவர்’ சரியாக இருக்கும். வேலையாட்களுக்குள் பேசும்போது ‘கண் தெரியாதவர்’ என்றாலே போதும், அதில் வசவில்லை.

இன்னொன்று. அவர் கைபேசியைக் கண்ணுக்கு மிகக் கிட்டப் பிடித்து வாசித்தால் நடிக்கிறார் என்று உங்கள் ஆட்கள் முணுமுணுக்கக்கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், நல்ல பார்வையுள்ளவர் 60 மீற்றரில் காண்பதை 3 மீற்றருக்கு வந்தும் காணமுடியாதவர் பார்வையற்றவர். அந்த எல்லைக்குள் இருப்பவர்களில் முழு இருட்டில் இருப்பவரும் உண்டு, வெளிச்சமும் உருவமும் கொஞ்சம் தெரிபவரும் உண்டு. அவரவர் கண்ணின் நிலை பற்றி இதற்கு மேல் சொல்ல நான் வைத்தியன் இல்லை. அவருடைய அறையில் ஆறு மணிக்குத் திரையை இறக்கப் போகும்போது, இறக்கட்டுமா என்று ஒரு வார்த்தை அவரிடமே கேளுங்கள். வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.